வெல்டா வாங்கிய துப்பாக்கியும் பெப்பர்மின்ட் மிட்டாயும்

எங்கள் சர்ச்சில் வெல்டா க்ராப்ட்ரியின் கைப்பையைத் தெரியாத குழந்தை கிடையாது. பழுப்புத் தோல் பை, வாய் எப்போதும் பாதி திறந்தே இருக்கும், வெளிப்பக்கம் ஒரு சின்னப் பை தைத்திருக்கும். அந்தப் பக்கப் பையில் பெப்பர்மின்ட் மிட்டாய். பாஸ்டர் பிரசங்கத்தை இழுக்க ஆரம்பித்ததும் பிள்ளைகள் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து அவள் பக்கம் வரும், கேட்காமலே கையை விடும், ஒன்றை எடுத்துக்கொண்டு போகும். நாற்பது வருஷமாக இதுதான் நடந்தது. இன்றைக்கு காணிக்கைத் தட்டை ஏந்தி வரும் டீக்கன்களில் இரண்டு பேர் அந்தப் பையில் கை விட்டு வளர்ந்தவர்கள்தான்.

போன அக்டோபரில் அதே பையில் ஒரு துப்பாக்கி ஏறியது. வாங்க வைத்தது நான். எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னதும் நான். கென்டக்கியில் எங்கள் கவுன்ட்டி முழுக்கத் தெரிந்த கதை இது, மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் ஆளுக்கு ஆள் வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான், நடந்ததை நான் சொல்வதுதான் சரி.

வெல்டாவுக்கு அறுபத்துநாலு வயது. வீட்டின் பின்னறையில் இரண்டு நாற்காலி போட்டு முடி வெட்டுகிறவள். பதினெட்டு வயதில் பிடித்த கத்தரியை இன்னும் கீழே வைக்கவில்லை. ஊரில் எவளுக்கு உண்மையில் எப்போது நரைத்தது என்று அவளுக்கு மட்டும் தெரியும், அடித்துக் கேட்டாலும் சொல்ல மாட்டாள். யாராவது இறந்துபோனால், உடலை அலங்கரித்துப் பெட்டியில் வைக்கிற அடக்க நிலையத்திலிருந்து அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது எந்தப் பக்கம் வகிடு எடுத்தாள் என்று வேறு யாருக்குத் தெரியும்? ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். பெட்டியில் கிடந்தவளுக்குச் சுருள் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "முப்பது வருஷமா இவகிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன், ரோ. இன்னிக்குத்தான் தலைய ஆட்டாம இருக்கா." எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. துக்க வீட்டில் என்ன மானக்கேடு.

அத்தனை வருஷக் கத்தரி அவள் கட்டை விரல்களைத் தின்றுவிட்டது. முட்டி வீங்கி, விரல் வளைந்து, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட என்னிடம்தான் கொண்டு வருவாள்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை. என் பெயர் ரோவீனா, வெல்டாவுக்கு ரோ. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். மலை ரோடு, பனி, சேறு, எதிரே நிலக்கரி லாரி. ஒரு குழந்தைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. வாயும் கொஞ்சம் நீளம்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை மத்தியானம் வெல்டா வீட்டின் பின்கதவைத் திறந்துகொண்டு ஒருவன் வந்தான். குல்லாவைப் புருவம் வரை இழுத்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடியிருந்தான். அவள் புருஷன் ஆர்வில் சுரங்கத்தில் நுரையீரல் கெட்டுச் செத்தவன். அவனுடைய வலி மாத்திரை ஒரு பாட்டில் சமையலறை அலமாரியிலேயே கிடந்தது. வந்தவன் அவளைப் பாத்திரம் கழுவும் தொட்டியோடு சேர்த்துத் தள்ளினான், பாட்டிலை எடுத்தான், ஓடிவிட்டான். விசாரிக்க வந்த ஷெரீஃபிடம் "முகத்த மூடியிருந்தான், யாருன்னு தெரியல" என்றாள். அவர் போனதும் என்னிடம் வேறு சொன்னாள்.

"மூடித்தான் இருந்தான். ஆனா பின்கழுத்து தெரிஞ்சுது, ரோ. அங்க ஒரு சுழி இருக்கும். அவனுக்கு மொதல் முடி வெட்டினதே நான்தான். மடியில உக்கார வெச்சு வெட்டினேன்."

"யாருடி அவன்? சொல்லித் தொலை."

"சொல்ல மாட்டேன். மாத்திரை தீர்ந்தா மறுபடி வருவான். அது மட்டும் எனக்குத் தெரியும்."

அன்றிலிருந்து வெல்டா வெல்டாவாக இல்லை. படுக்கையை விட்டுவிட்டு முன்னறை நாற்காலியில் தூங்கினாள். பின்னறையைப் பூட்டினாள், முடி வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். தூரத்தில் டேட்டன் நகரத்தில் இருக்கும் மகள் மார்லா தினமும் போன். "வீட்ட வித்துட்டு கிறிஸ்துமஸுக்குள்ள இங்க வந்துடும்மா." ஒருநாள் போனை வைத்துவிட்டு வெல்டா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அங்க போனா நான் யாருடி? இங்க வெல்டா. அங்க மார்லாவோட அம்மா. அவ்வளவுதானே?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். அவள் அந்த வீட்டில், அந்தப் பின்னறையில், பயமில்லாமல் இருக்க வேண்டும். வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை.

"துப்பாக்கி வாங்கு" என்றேன்.

"ஆர்விலோட வேட்டைத் துப்பாக்கி பரண்ல கெடக்கே."

"அத எடுத்து நீ தோள்ல வெக்கறதுக்குள்ள திருடன் காபி போட்டுக் குடிச்சுட்டுப் போயிடுவான். கைத்துப்பாக்கி வாங்கு."

ஆர்விலின் தம்பி டெல்மர் இதைக் கேள்விப்பட்டு அன்று சாயங்காலமே வந்து நின்றான். கையில் ஒரு குட்டி ரிவால்வர். பிடி ரோஸ் நிறம்.

"அண்ணி, இது பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது. இறகு மாதிரி இருக்கும். யோசிக்காதீங்க, வெச்சுக்குங்க."

வெல்டா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு ஏத்த நகச்சாயம் என்கிட்ட இல்லையே, டெல்மர்."

மறுநாள் மூன்று பேரும் ராய்ஸ் கடைக்குப் போனோம். நெடுஞ்சாலை ஓரத்தில் தூண்டில் புழுவும் துப்பாக்கியும் ஒரே கூரையின் கீழ் விற்கிற கடை. பின்னால் மண்மேடு போட்டுச் சுட்டுப் பார்க்க இடம் வைத்திருக்கிறான். ராய்ஸ் அதிகம் பேச மாட்டான். எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் முதலில் தோட்டா அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றுவான், மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னால் இழுத்துக் குழலுக்குள் பார்ப்பான், விரலை விட்டுத் தடவுவான், பிறகு நம்மையும் பார்க்கச் சொல்வான். நாம் பார்த்து "காலி" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் கையில் தருவான். பாஸ்டரே வந்தாலும் அதே சட்டம்தான்.

"மிஸ் வெல்டா, மொதல்ல ஒண்ணு கேக்கறேன். வீட்டுல சின்னப் பிள்ளைங்க உண்டா?"

"பூனை ஒண்ணு இருக்கு. அதுக்குப் பன்னெண்டு வயசு."

"பேரப்பிள்ளைங்க வந்து போறதுண்டா?"

"மார்லாவுக்குப் பிள்ளை இல்ல."

அவன் தலையாட்டினான். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அங்கே நின்ற நாலு பேரில் ஒருத்தருக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

முதலில் டெல்மரின் ரோஸ் ரிவால்வர். விசையை இழுக்க அவள் ஒரு விரலால் முயன்றாள், இரண்டு விரலால் முயன்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வெடித்தபோது அது கையை விட்டுத் துள்ளிவிட்டது. கட்டை விரல் இடுக்கில் தோல் உரிந்து அவள் கண்ணில் நீர் வந்தது.

"எடையே இல்ல, அதான் இப்படி உதைக்குது" என்றான் ராய்ஸ். "சின்னதுன்னா சுலபம்னு எல்லாரும் நெனக்கறாங்க. வீட்டுப் பெண்களுக்கு இதத்தான் வாங்கித் தராங்க. ஒரு தடவ சுட்டுட்டு, பயந்து, அலமாரியில போட்டுடறாங்க."

டெல்மர் தூண்டில் புழு இருக்கிற பக்கம் போய் ஏதோ பார்க்க ஆரம்பித்தான்.

இரண்டாவது, போலீஸ்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி பெரியது. உதை கம்மிதான், ஆனால் ஸ்லைடு அசையவே இல்லை. ஸ்லைடை இழுக்காதே, அதைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கியை முன்னால் தள்ளு என்று ராய்ஸ் சொல்லிக் கொடுத்தான். ம்ஹூம். வெல்டா வெட்கப்பட்டாள். "ஊறுகாய் பாட்டிலையே திறக்க முடியாதவ நான், தம்பி."

அப்புறம் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். நடுவாந்திர அளவு, தோட்டா கொஞ்சம் சின்னது, உள்ளே மெத்தென்ற ஸ்பிரிங். கைவலிக்காரர்களுக்காகவே செய்வது என்றான். வெல்டா ஸ்லைடை இழுத்தாள், ரொட்டி டப்பா திறக்கிற மாதிரி வந்தது. விசையும் அப்படித்தான், விரல் பட்டால் போதும். மண்மேட்டில் ஒரு காகிதத் தட்டைக் குத்தி வைத்திருந்தான். ஐந்து சுட்டதில் மூன்று தட்டில் விழுந்தது. வெல்டா முகத்தில் ஒரு மாதத்துக்கு அப்புறம் சிரிப்பைப் பார்த்தேன்.

"பெரிய தோட்டா காத்துல போறதவிட சின்னத் தோட்டா சொன்ன எடத்துல போறது மேல். உங்களுக்கு இதுதான்" என்றான் ராய்ஸ். "இதுலயே ரெண்டு வகை இருக்கு. ஒண்ணுல பக்கத்துல ஒரு பூட்டு நெம்புகோல் இருக்கும், அதத் தள்ளினாத்தான் சுடும். இன்னொண்ணுல கெடையாது. மொதல் துப்பாக்கிக்கு நெம்புகோல் இருக்கறது நல்லது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "பதட்டத்துல அவ கட்டை விரல் அத எங்க தேடும்? இல்லாததையே குடு" என்றேன்.

வெல்டா ராய்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரோ சொல்றதே இருக்கட்டும்."

ராய்ஸ் விடவில்லை. பழகும் வரை குழலில் தோட்டா ஏற்றாதீர்கள் என்றான். மேகசின் உள்ளே இருக்கலாம், ஆனால் ஸ்லைடை இழுத்துவிட்டால் முதல் தோட்டா குழலுக்குப் போய்விடும், அதைச் செய்யாதீர்கள். தினமும் காலையில் மேகசினைக் கழற்றி, இரண்டு தரம் ஸ்லைடை இழுத்துக் காலி என்று பார்த்துவிட்டு, அப்புறம் மேகசினைப் போடுங்கள். கைப்பையில் மட்டும் வேண்டாம், இடுப்பில் கட்டுங்கள்.

"இடுப்பா? அது எங்க இருந்துதுன்னே மறந்து போச்சே" என்றாள் வெல்டா.

"அப்ப பூட்டு வெச்ச பையா வாங்குங்க. அதுல வேற எதையும் போடாதீங்க."

"பூட்டு போட்டு, சாவி தேடி, ஸ்லைடு இழுத்து" என்று நான் வண்டியில் வரும்போது பொரிந்து தள்ளினேன். "திருடன உக்கார வெச்சு கேக் வெட்டிக் குடுப்பியா? தோட்டா ஏத்தாத துப்பாக்கி வெறும் சுத்தியல்டி. ஏத்தி வை. எங்க வைக்கணும்னா, யோசிக்காம உன் கை எங்க போகுமோ அங்க வை."

வெல்டா மடியில் இருந்த பையைப் பார்த்தாள். அவள் கை தானாகப் பக்கப் பைக்குப் போனது. உள்ளே இருந்த மிட்டாய் சரசரத்தது.

"பாத்தியா? அதுதான் எடம்" என்றேன் நான், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

அவள் மிட்டாய்களை அள்ளி நடுப்பைக்கு மாற்றினாள். துப்பாக்கி பக்கப் பையில் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. யோசிக்காமல் அந்தப் பைக்குப் போகிற கை உலகத்தில் அவளுடையது ஒன்றுதான் என்பது போல நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்து மெச்சிக்கொண்டோம். எந்தப் பேய் எங்கள் கண்ணைக் கட்டியதோ.

ஒரு வாரத்தில் அவள் படுக்கையில் தூங்கினாள். பின்னறையைத் திறந்தாள். மார்லாவிடம் "வரல, எனக்கு இங்க வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஆப்பிள் அடுக்குக் கேக் ஒன்று செய்து கொண்டு வந்தாள். நான் தினமும் காலையில் போன் பண்ணிக் கேட்பேன்.

"ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு, ரோ."

"சமத்து."

நவம்பர் மூன்றாவது ஞாயிறு. நன்றித் திருநாளுக்கு முந்தின ஞாயிறு என்பதால் கூடத்தில் விருந்து இருந்தது. கோழியும் மாவுருண்டையும் கொதிக்கிற வாசனை பிரசங்கத்துக்கு நடுவில் வந்துகொண்டிருந்தது. எங்கள் சர்ச்சில் துப்பாக்கியோடு வருவது அதிசயம் இல்லை, பாஸ்டரே கணுக்காலில் கட்டியிருக்கிறார். வெல்டா பையை வழக்கம்போல் எனக்கும் அவளுக்கும் நடுவே பெஞ்சில் வைத்திருந்தாள். பாஸ்டர் நன்றி சொல்வதைப் பற்றி மூன்றாவது முறையாக ஆரம்பித்தார். முன் பெஞ்சில் ஷானா கைக்குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் மூத்தவள் ஹேட்டி, ஐந்து வயது, சிவப்பு ஷூ, ஆடிக்கொண்டிருக்கிற ஒரு முன்பல். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள்.

நான் அவளைப் பார்த்தேன். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நன்றாகப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவள் கை பக்கப் பைக்குள் போவதைப் பார்த்தேன். நாற்பது வருஷமாகப் பார்க்கிற காட்சி, அதனால் என் மண்டையில் எதுவுமே ஓடவில்லை.

வெளியே வந்தது கறுப்பாக இருந்தது.

அவள் அதைப் புது மாதிரி மிட்டாய் டப்பா என்று நினைத்திருக்கிறாள். மூடி எங்கே என்று தேடித் தன் பக்கமாகத் திருப்பினாள். குழல் அவள் நெஞ்சுக்கு நேராக வந்தது. விசை மேல் இரண்டு கட்டை விரலையும் வைத்தாள்.

"மிஸ் வெல்டா, இது எப்படித் தெறக்கறது?"

எனக்குக் குரல் வரவில்லை. பேருந்தில் கடைசி இருக்கைவரை கேட்கக் கத்தியவள் நான், தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. கை எழவில்லை. கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பிணம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏத்தியாச்சா, ஏத்தியாச்சு, ஏத்தியாச்சா, ஏத்தியாச்சு என்று காதுக்குள் அது மட்டும் ஓடியது. குழந்தை அமுக்கினாள்.

'டக்' என்றது.

அவ்வளவுதான். பேனா மூடுகிற சத்தம். பாஸ்டர் பேசிக்கொண்டே இருந்தார்.

வெல்டாவின் வளைந்த கை போய் அந்தத் துப்பாக்கியை மெதுவாக வாங்கியது. "குடு, கண்ணு. அது என்னோடது." மற்றக் கையால் நடுப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்துக் கொடுத்தாள். ஹேட்டி காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் ஷானா திரும்பிப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள், வெல்டாவின் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் பார்க்க நடுவழியில் நடந்து வெளியே போனாள்.

விருந்துக்கு நாங்கள் நிற்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தோம்.

"இன்னிக்கு ஏத்த மறந்துட்டியே, கடவுள் காப்பாத்தினார்" என்றேன்.

"மறக்கல."

"என்ன?"

"ஒரு நாளும் ஏத்தல, ரோ. ராய்ஸ் சொன்ன மாதிரி தினமும் ரெண்டு தரம் இழுத்துப் பாத்துட்டு, மேகசினப் போட்டு, அப்படியே வெச்சுடுவேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

"ஏன்டி பொய் சொன்ன?"

"உன் வாய்க்குப் பயந்து. மாத்திரை திருடின அந்தப் பையனுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படல."

கதவைத் திறந்து குனிந்து உட்கார்ந்தேன். அவள் மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தால். வேறு எதையும் நினைக்க முடியவில்லை. முப்பது வருஷம் ஒரு பிள்ளைக்குக் கீறல் விழாமல் ஓட்டினேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான்.

வெல்டா தன் கட்டை விரலைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "இந்த வெரலுக்குன்னு தேடித் தேடி எடுத்தோமே. அஞ்சு வயசு வெரலுக்கும் அதே அளவுதான் போல."

மறுநாள் காலையில் ராய்ஸிடம் திருப்பிக் கொடுத்தோம். அவன் மேகசினைக் கழற்றினான், ஸ்லைடை இழுத்தான், விரலை விட்டுத் தடவினான், என்னையும் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். "காலி" என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் அவசரப்படுத்தாமல் காத்திருந்தான்.

அடுத்த ஞாயிறு வெல்டா பையில் இருந்த அத்தனையையும் வீட்டில் கொட்டிவிட்டு, பக்கப் பை நிறைய மிட்டாய் மட்டும் போட்டுக்கொண்டு வந்தாள். பையை அகலத் திறந்து பெஞ்சில் வைத்தாள். ஒரு பிள்ளையும் வரவில்லை. ஹேட்டி தூரத்து பெஞ்சிலிருந்து பார்த்தாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுத்தது சரிதான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. புதன்கிழமை வெல்டா வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டிருந்தது. பின்கதவு வழியாக வந்தவனால் அவளைக் கிளப்ப முடியவில்லை. நான் கிளப்பிவிட்டேன்.

டேட்டனுக்குப் போவதற்கு முந்தின நாள் பின்னறையில் கடைசியாக எனக்குத்தான் முடி வெட்டினாள். நாற்காலி ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. கண்ணாடி கழற்றின இடத்தில் சுவர் வெளுத்திருந்தது. கத்தரி காதுக்குப் பின்னால் வந்தபோது கேட்டுவிட்டேன்.

"என்மேல கோவமா, வெல்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, தோள் குலுங்கியது. அவள் வளைந்த விரல்களால் என் தலையைப் பிடித்து நேராக நிறுத்தினாள்.

"தலைய ஆட்டாத, ரோ. கத்தரி கைல இருக்கு."

ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.